வண்ணம் தீட்டிய குண்டாந்தடி: பார்த்து அறிவதும் வாங்கிச் சேர்ப்பதும்

பழைய போலீஸ் சாமான்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் தொப்பியையும் பேட்ஜையும் கைவிலங்கையும்தான் தேடிப் போவார்கள். குண்டாந்தடி கடைசியில் வரும். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டிஷ் போலீஸ்காரருக்கு அந்தத் தடி அடிக்கும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. அதிகாரப் பத்திரமும் அதுவாகவே இருந்தது. அடையாள அட்டை புழக்கத்துக்கு வராத காலம். தான் அரசாங்கத்தின் ஆள் என்று காட்ட வேண்டிய இடத்தில், தடியில் தீட்டியிருந்த கிரீடத்தையும் அரசர் பெயரின் முதலெழுத்துகளையும் காட்டினார். ஒரு மரத்துண்டுக்குத் தங்க ரேக்கும் சிவப்பும் நீலமும் பூசிச் செலவழித்ததற்கு அதுதான் காரணம். பத்திரம் என்றால் படிக்க முடியும். யார் ஆட்சி, எந்த ஊர், என்ன பதவி என்று தடியே சொல்லும். இந்த அத்தியாயத்தில் அந்த வண்ணத் தடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க நைட்ஸ்டிக்குகளுக்கும் நம்மூர் லத்திக்கும் வேறு கண் வேண்டும்.

ராபர்ட் பீல் கொண்டுவந்த சட்டப்படி லண்டன் மெட்ரோபாலிடன் போலீஸ் 1829 செப்டம்பர் 29 அன்று தெருவில் இறங்கியது. ராணுவம் என்ற எண்ணம் மக்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் பீல் கவனமாக இருந்தார். நீலநிற வால்கோட்டு, உயரத் தொப்பி, கையில் ஆயுதம் தெரியாத தோற்றம். தடி கோட்டின் வால்பகுதிப் பையில் மறைந்திருக்கும். ஆனால் வண்ணத் தடி அன்றைக்குப் பிறந்ததல்ல. அதற்கு முன்பே ஊர்க்காவல் பார்த்த பாரிஷ் கான்ஸ்டபிள்கள் கிரீடம் தீட்டிய தடிகளை வைத்திருந்தார்கள். 1829க்குப் பிறகு நடந்தது பெருக்கம். 1835இன் நகராட்சிச் சட்டம் நகரங்களைத் தத்தம் போலீஸை அமைக்கச் சொன்னது. 1839இன் சட்டம் மாவட்டங்களுக்கு அந்த அனுமதியைத் தந்தது, 1856இன் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு ஊரும் தன் விருப்பப்படி தடி செய்யச் சொல்லி, தன் ஊர்ச் சின்னத்தை அதில் தீட்டிக்கொண்டது. இன்று சேகரிப்பவருக்குக் கிடைக்கும் இத்தனை வகைகள் அந்தப் பரவலில் வந்தவை.

முதலெழுத்தும் கேடயமும்

தடியைக் கையில் எடுத்ததும் கிரீடத்துக்குக் கீழே பாருங்கள். ஜி.ஆர். என்றால் ஜார்ஜ். டபிள்யூ.ஆர். என்றால் 1830 முதல் 1837 வரை ஆண்ட நான்காம் வில்லியம். வி.ஆர். என்றால் 1837 முதல் 1901 வரை ஆண்ட விக்டோரியா. ஈ.ஆர். என்றால் 1910 வரை ஏழாம் எட்வர்ட். நான்காம் ஜார்ஜுக்கும் நான்காம் வில்லியமுக்கும் உரிய ரோமன் நான்கைச் சில ஓவியர்கள் நாலு நேர்க்கோடுகளாகவே எழுதினார்கள். அதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

வில்லியம் தடி ஏழே ஆண்டு ஆட்சியில் வந்தது, அதனால் தேதி சொல்வது எளிது. குழப்பம் வருவது வெறும் ஜி.ஆர். என்று எண் இல்லாமல் இருக்கும் தடிகளில். அது 1820களின் நான்காம் ஜார்ஜாக இருக்கலாம், முதல் உலகப் போர்க்கால ஐந்தாம் ஜார்ஜாகவும் இருக்கலாம். இடையில் ஏறத்தாழ 90 ஆண்டு வித்தியாசம், விலையிலும் அதே அளவு வித்தியாசம். இதனால் விற்பவர் எப்போதும் பழைய ஜார்ஜைத்தான் சொல்வார். கிரீடத்தின் வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஓவியருக்கு ஓவியர் கிரீடம் மாறும். தடியின் நீளம், பிடியின் கடைசல், வண்ணத்தின் தன்மை எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முழு அரசச் சின்னமும் தீட்டிய தடி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிப் பிடிக்கும் கேடயத்தின் நட்டநடுவில் லென்ஸை வையுங்கள். அங்கே இன்னொரு குட்டிக் கேடயம், அதன் தலையில் ஒரு குட்டிக் கிரீடம் இருந்தால், தடி 1816க்கும் 1837க்கும் இடையில் தீட்டப்பட்டது. அந்தக் குட்டிக் கேடயம் ஹானோவர் அரசுக்கு உரியது. பிரிட்டிஷ் மன்னரே ஹானோவரின் மன்னராகவும் இருந்தார். அங்கே பெண்ணுக்கு அரியணை இல்லை. 1837இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்ததும் ஹானோவர் அவருடைய சித்தப்பாவிடம் போயிற்று, குட்டிக் கேடயமும் சின்னத்திலிருந்து மறைந்தது. குட்டிக் கேடயத்தின் மேல் கிரீடத்துக்குப் பதில் தொப்பி போன்ற உருவம் இருந்தால் 1801க்கும் 1816க்கும் இடைப்பட்ட காலம். பிரெஞ்சு அல்லிப்பூ கேடயத்தில் இருந்தால் 1801க்கு முந்தையது என்று பொருள், அப்படி ஒரு தடி கைக்கு வந்தால் நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம். விரல்நக அளவுள்ள ஓர் இடம் இருபது ஆண்டுக் கணக்கை இவ்வளவு துல்லியமாகச் சொல்வது எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

விக்டோரியா ஆட்சி 63 ஆண்டுக்கும் மேல் நீடித்ததால் வி.ஆர். மட்டும் போதாது. இங்கே ஒரு சின்ன உதவி உண்டு. வி.ஆர்.ஐ. என்று மூன்றெழுத்து இருந்தால் கடைசி எழுத்து பேரரசி என்பதைக் குறிக்கும். அந்தப் பட்டத்துக்கான சட்டம் 1876இல் வந்தது. 1848இல் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்டுகளின் ஊர்வலத்தின்போது பயன்பட்டது என்று சொல்லி வி.ஆர்.ஐ. தடியை நீட்டினால், கதை வேறு, தடி வேறு.

ஊர்ச் சின்னங்களுக்கு வரலாம். வெள்ளைக் கேடயத்தில் சிவப்புச் சிலுவை, மேல் மூலையில் ஒரு சிவப்பு வாள் இருந்தால் லண்டன் மாநகரம், அதாவது சிட்டி எனப்படும் பழைய நகரப்பகுதி. அதன் போலீஸ் 1839இல் தனியாக அமைந்தது, மெட்ரோபாலிடன் போலீஸோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லிவர்பூலுக்குப் பறவை, எடின்பரோவுக்குக் கோட்டை, நியூகாசிலுக்கு மூன்று கோட்டைகள். ரயில்வே கம்பெனிகளும் துறைமுகங்களும்கூடத் தமக்கென்று தடி வைத்திருந்தன. சின்னம் எதுவும் இல்லாமல் ஒரு பாரிஷின் பெயர் மட்டும் எழுதியிருக்கும் தடிகளைப் பலர் மலிவாகக் கழித்துவிடுகிறார்கள். நான் அவற்றை விரும்பி எடுப்பேன். ஊர்ப்பெயர் இருந்தால் அந்த ஊரின் ஆவணக் காப்பகத்தில் கான்ஸ்டபிள்கள் கணக்கு இருக்கக்கூடும், தடி செய்யச் சொல்லிப் பணம் கொடுத்த பதிவுவரை சிலசமயம் பின்தொடர்ந்து போகலாம்.

ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்று எழுதிய தடிகள்தான் சந்தையில் மிகுதி. கலவரம் வரும் என்று அஞ்சியபோதெல்லாம் சாதாரணக் குடிமக்களைச் சத்தியம் வாங்கிக் காவலுக்கு அழைத்தார்கள். 1831இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1848 ஏப்ரல் 10 அன்று கெனிங்டன் பொதுவெளியில் வாக்குரிமை கேட்டுச் சார்ட்டிஸ்டுகள் கூடியபோது லண்டனில் பல்லாயிரம் பேர் இப்படிச் சேர்ந்தார்கள். பின்னாளில் பிரெஞ்சுப் பேரரசரான லூயி நெப்போலியன் அவர்களில் ஒருவர். அடுத்த பெரிய அலை முதல் உலகப் போர், அதற்கடுத்தது 1926 பொது வேலைநிறுத்தம். 1926இல் அவசரமாகக் கடைந்து கொடுத்தவற்றில் அலங்காரம் ஏதும் இராது. தேதியும் நிகழ்ச்சியும் எழுதியிருந்தால் விலை ஏறும். அப்படியானால் பிற்காலத்தில் எழுதிச் சேர்ப்பவர்களும் இருப்பார்கள். 1819 பீட்டர்லூ என்று எழுதிய தடியைக் கண்டால் இரண்டு காரணத்துக்காக நின்று யோசியுங்கள். முதலாவது, அந்த எழுத்து மற்ற வண்ணத்தோடு ஒரே காலத்ததா என்பது. இரண்டாவது, மான்செஸ்டரில் அன்று தடி ஏந்தியவர்களுக்கு எதிரே நின்றவர்கள் வாக்குரிமை கேட்டு வந்த நெசவாளர்களும் அவர்கள் குடும்பங்களும். குதிரைப்படை பாய்ந்ததில் பலர் இறந்தார்கள். அதை உங்கள் பதிவேட்டில் எழுதாமல் தடியின் அழகை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

மரம், கடைசல், முத்திரை

ஆரம்பகால மெட்ரோபாலிடன் தடிகள் நீளமானவை, 20 அங்குலம் வரை வரும். நூற்றாண்டின் பின்பாதியில் நீளம் குறைந்து, 15 அங்குலத்தை ஒட்டி நின்றது. 1880களை நெருங்கும்போது சாதாரணப் பணிக்கான தடிகளில் வண்ணம் போய் வெறும் மெருகு மட்டும் மிஞ்சியது. 15 அங்குலத் தடியில் நான்காம் வில்லியத்தின் சின்னம் இருந்தால் உடனே போலி என்று சொல்ல முடியாது, குட்டையாகச் செய்தவர்களும் உண்டு. ஆனால் கேள்வி கேட்க வேண்டும்.

மரங்களில் ஆஷ், பீச், ரோஸ்வுட், கருங்காலி, லிக்னம் வைட்டே எல்லாம் வரும். கரீபியப் பகுதியிலிருந்து வந்த லிக்னம் வைட்டே தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். வைரம் பச்சை கலந்த கரும்பழுப்பாகவும் வெளிறு வெளிர்மஞ்சளாகவும் இருக்கும். தொட்டால் மெழுகு தடவியதுபோல் வழவழக்கும். கப்பல் சுழல்தண்டுகளுக்குத் தாங்குருளையாகப் போட்ட மரம் இது. கையில் எடுத்தவுடன் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தால் இந்த மரத்தை நினைத்துக்கொள்ளலாம். மூழ்குகிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்ப்பதை மட்டும் வண்ணத் தடியில் செய்யவே கூடாது.

பிடியில் வரிவரியாகக் கடைந்த பள்ளங்கள் இருக்கும், சிலவற்றில் வாருக்கான துளையும் இருக்கும். தோல்வார் அறுந்து போனால் மாற்றிவிடுவார்கள், ஆகவே வார் புதியது என்பதால் தடியைச் சந்தேகிக்க வேண்டாம். துளையின் விளிம்பைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் வார் உரசியிருந்தால் விளிம்பு மழுங்கி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். கூர்மையாக இருந்தால் துளை நேற்றுப் போட்டது.

பிடியின் அடியிலோ பக்கத்திலோ குத்திய முத்திரை இருந்தால் நல்ல காலம். லண்டன் ஹோல்போர்ன் தெரு 233ஆம் எண்ணில் இருந்த துப்பாக்கிக் கம்மியர் பார்க்கரின் முத்திரை அடிக்கடி தென்படும். பார்க்கர் என்று மட்டும் இருந்தால் முந்தைய காலம், பார்க்கர் ஃபீல்டு அண்ட் சன்ஸ் என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. பர்மிங்ஹாமின் ஹையட் கைவிலங்குக்குப் பேர்போன கம்பெனி, தடியும் செய்தது.

வண்ணமும் மரமும் ஒரே வயதா?

போலிகளில் பெரும்பாலானவை முழுப் பொய்யல்ல, அதுதான் சிக்கல். தடி நிஜமாகவே பழையது, 1880களுக்குப் பிந்தைய வெறும் தடி. அதன்மேல் வண்ணமும் கிரீடமும் புதிதாக ஏற்றப்பட்டிருக்கும். மரம் பழையது, முத்திரை சரியானது, கனம் சரியானது. பொய் வண்ணத்தில் மட்டும்.

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், தடியைக் கிடையாகப் பிடித்து மெதுவாக உருட்டுங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். முதலில் முனையருகே உள்ள பள்ளம் ஒன்றைத் தேடுங்கள். எங்கோ மோதி ஏற்பட்ட, அரிசி அளவு பள்ளம். பழைய வண்ணத்தில் விழுந்த அடி வண்ணத்தை உடைத்திருக்கும். பள்ளத்தின் விளிம்பில் வண்ணம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து, உள்ளே மரம் தெரியும், அந்த மரத்தில் அழுக்கேறிக் கறுத்திருக்கும். வண்ணம் பள்ளத்துக்குள் வழிந்து இறங்கி அடிவரை ஒரே சீராக மூடியிருந்தால், அடி முந்தியது, வண்ணம் பிந்தியது. இந்த ஒரு சோதனையைத் தாண்ட முடியாத தடியை எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்து தேய்மானம். கோட்டுப் பையில் போட்டு எடுத்த தடி எங்கே உரசும்? முனையின் விளிம்பிலும், பிடியும் உடலும் சேரும் தோள்பகுதியிலும். அங்கே ரேக்கு போய், அடிப்பூச்சு தெரிந்து, அதற்கும் கீழே மரம் தெரிய வேண்டும். தேய்மானம் இந்த இரண்டு இடத்திலும் இல்லாமல் நட்டநடுக் கிரீடத்தில் மட்டும் இருந்தால் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். உப்புத்தாள் கோடுகள் ஒரே திசையில் ஓடும். கை, துணி, தோல் உரசிய தேய்மானத்துக்குத் திசை கிடையாது.

விரிசலைப் பாருங்கள். பழைய வார்னிஷ் காய்ந்து சுருங்கி வலைபோல் வெடித்திருக்கும். அந்தக் கோடுகளுக்குள் கரும் அழுக்கு இருக்கும், வலை ரேக்கின் மீதும் வண்ணத்தின் மீதும் தொடர்ந்து ஓடும். வெடிப்பை வரவழைக்கும் நவீன வார்னிஷ் ஒரே அளவுக் கட்டங்களாக வெடிக்கும், சின்னத்தின் மீது மட்டும் வெடித்து மற்ற இடத்தில் வழுவழுவென்று இருப்பதும் உண்டு. யூவி டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பழைய அரக்கு மெருகு ஆரஞ்சாக ஒளிரும், பின்னாளில் தொட்டுத் திருத்திய இடங்கள் பெரும்பாலும் கருந்திட்டாகத் தனித்து நிற்கும். சிறு திருத்தம் இருப்பது குற்றமல்ல, இருநூறு ஆண்டில் யாராவது தொட்டிருப்பார்கள். விற்பவர் அதைச் சொன்னாரா என்பதே கேள்வி.

சுற்றுலாக் கடைச் சரக்கைக் கண்டுபிடிக்கச் சோதனையே வேண்டாம். லென்ஸில் தூரிகைக் கோடுகளுக்குப் பதில் அச்சுப் புள்ளிகள் தெரியும். மரம் லேசாக இருக்கும். அதே சின்னத்தைப் பத்துக் கடையில் பார்த்திருப்பீர்கள்.

போலீஸுக்குச் சம்பந்தமே இல்லாத பல சாமான்களும் குண்டாந்தடி என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. பாய்மரக் கப்பலில் கயிறு சுற்றிக் கட்டும் மரமுளை வடிவத்தில் மிக நெருங்கியது. அதன் தோள்பகுதி கட்டையின் துளையில் உட்காரும்படி திட்டமாக வெட்டியிருக்கும். தூண்டில்காரர்கள் மீனை அடித்துக் கொல்ல வைத்திருக்கும் சிறு தடி ஓர் அடிக்கும் குறைவு, முனையில் ஈயம் ஊற்றியிருப்பதும் உண்டு. மேஜைக் கால்கள், மாடிப்படிக் கைப்பிடித் தூண்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் பழம்பொருள் கடைகளில் வெள்ளிக் குமிழும் படைச்சின்னமும் உள்ள பிரம்புகள் கிடைக்கும். அவை அதிகாரிகள் அக்குளில் இடுக்கிக்கொண்ட கைக்கோல். சேர்க்கத் தகுந்தவைதான், ஆனால் வேறு பெட்டியில்.

பித்தளைக் கிரீடம் தலையில் பொருத்திய குட்டைக் கோல்கள் இந்தக் குடும்பத்தில் உயர்ந்த இடம் வகிப்பவை. பிடியாணை நிறைவேற்றப் போகும் அதிகாரி காட்டியது. சிலவற்றில் கிரீடத்தைத் திருகிக் கழற்றலாம், உள்ளே பொந்து இருக்கும். கழற்ற வராவிட்டால் பலவந்தம் வேண்டாம், பல கோல்கள் கழற்றவே செய்யப்படாதவை.

வாங்கும்போது

வண்ணத் தடிகளை அதிகம் பார்த்தவரே சரியாக வாங்குவார். மான்செஸ்டர் நியூட்டன் தெருவில் உள்ள போலீஸ் அருங்காட்சியகம், லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ் போன்ற இடங்களுக்குப் போகும் வாய்ப்பிருந்தால் ஒரு நாளை ஒதுக்குங்கள். சென்னையில் எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021இல் திறந்த போலீஸ் அருங்காட்சியகம் பிரிட்டிஷ் வண்ணத் தடிக்கான இடமல்ல, ஆனால் காலனியக் காவல்துறையின் உடையும் சாதனமும் எப்படி இருந்தன என்று கண் பழக அது உதவும். புத்தகங்களில் 1935இல் ஃபென் கிளார்க் எழுதியதும் 1985இல் மெர்வின் மிட்டன் எழுதியதும் அடிப்படை.

பிரிட்டனில் வசிக்கும் தமிழர்கள் சட்டத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2004 முதல் நேர்த்தடி, பக்கப்பிடித் தடி, நீளும் தடி எல்லாம் அங்கே விற்பனை தடைசெய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் உள்ளன. 2021 முதல் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 100 ஆண்டைத் தாண்டிய பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. ஆகவே விக்டோரியா தடி பிரச்சினையல்ல. 1950களின் மரத்தடியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால்தான் பிரச்சினை. வாங்கிய ரசீதில் காலத்தை எழுதி வாங்குங்கள். எவ்வளவு பழையதானாலும் பொது இடத்தில் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள், மூடிக் கட்டி எடுத்துப் போங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. லிக்னம் வைட்டே மரம் அழிவுக்கு ஆளாகும் இனங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் இருக்கிறது, எல்லை கடந்து அனுப்புமுன் இரு நாட்டு விதியையும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்குக் கொண்டுவந்த பிறகு திரும்ப வெளியே கொண்டுபோக நினைப்பவர்கள் 1972இன் தொல்பொருள் சட்டத்தையும் படிக்க வேண்டும். 100 ஆண்டைத் தாண்டிய தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய அது இடம் தராது.

நம் வெயிலிலும் ஈரத்திலும்

வாங்கிய முதல் வாரத்தில் எதையும் செய்யாதீர்கள். துடைக்க வேண்டும், எண்ணெய் பூச வேண்டும், பளபளப்பாக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் நாளடைவில் கறுத்துப் பிசுபிசுக்கும், எடுக்க முடியாது. புது வார்னிஷ் அடித்தால் மேலே சொன்ன எல்லாத் தடயங்களும் அதற்கடியில் புதைந்துவிடும். மிருதுவான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். வண்ணம் இலைபோல் தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் தூரிகையும் வேண்டாம், பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள்.

சென்னை போன்ற ஊரில் ஈரத்தைவிட ஈரம் ஏறி இறங்குவதுதான் எதிரி. இரவில் ஏ.சி., பகலில் கடற்காற்று என்றால் மரம் சுருங்கி விரியும், வண்ணம் அதோடு போகாமல் உதிரும். ஏ.சி. ஓடாத உள்ளறையில், வெளிச்சுவரில் படாத மர அலமாரி நல்லது. நேர்வெயில் படக் கூடாது. ஆணியில் வார் மாட்டித் தொங்கவிடாமல், இரண்டு இடத்தில் பஞ்சுத்துணி மெத்தையிட்டுக் கிடையாக வையுங்கள். குமிழ்ப் பிளாஸ்டிக்கில் நேரடியாகச் சுற்றி வைத்தால் வெயில் காலத்தில் மெருகு இளகி, வட்டவட்டமாகத் தழும்பு பதிந்துவிடும். அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, அதற்கு மேல் எது வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். பீச் மரத்தில் வண்டு துளைக்கும். மாதம் ஒருமுறை தடிக்கடியில் வெள்ளைத்தாள் விரித்துப் பாருங்கள், புது மரத்தூள் கொட்டியிருந்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

ஒவ்வொரு தடிக்கும் ஓர் எண் கொடுத்து, பருத்தி நூலில் கட்டிய அட்டையில் எழுதுங்கள். மரத்தில் எழுதவோ ஒட்டவோ கூடாது. பதிவேட்டில் நீளம், எடை, மரம், முத்திரை, வண்ணத்தின் நிலை, யாரிடம் எப்போது வாங்கியது, அவர் சொன்ன வரலாறு என்ன என்பதோடு, அந்த வரலாற்றில் நீங்கள் தடியிலேயே பார்த்து உறுதிசெய்தது எது, காதால் கேட்டது மட்டும் எது என்பதைத் தனித்தனிப் பத்தியில் எழுதிவையுங்கள்.